நைனாவின் படையலைத் தின்ற பூனை

பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் பெரிய ரகசியத்தை அவிழ்க்கிற மாதிரி ஆகிவிடும். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, வெறும் பித்தலாட்டம்தான். ஆனால் அந்தப் பித்தலாட்டம் போய் நின்ற இடம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது நைனாவின் பூனை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். சாம்பல் நிறம், கறுப்புப் பட்டை, இடது காதில் ஒரு கிழிசல். நைனா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவராக இருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளுக்கு நடுவில் குட்டியாகக் கத்திக்கொண்டு கிடந்ததைச் சட்டைப் பையில் போட்டு எடுத்து வந்தார். பேர் எதுவும் வைக்கவில்லை. "யோவ்" என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். அதுவும் ஏதோ ஆபீசரைக் கூப்பிட்ட மாதிரி மெதுவாக எழுந்து, சோம்பல் முறித்து, அப்புறம்தான் வரும். ஒழுங்காக ஒரு பேர் வைத்தால் என்ன என்று அம்மா கேட்டால், "பேரு வெச்சா ரேஷன் கார்டுல சேக்கணும், உடு" என்பார்.

நான் தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் திரும்பி வந்து எட்டு வருஷம் ஆகிறது. வாய் நீளம், கோபக்காரி என்று எனக்கு ஊரில் பெயர். பொய்யில்லை. கடையை மூடிவிட்டு நான் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே நைனா கேட்பார், "சாப்டியா?" என்று. மதியம் மூன்று மணிக்கு வந்தாலும் அதேதான், ராத்திரி எட்டு மணிக்கு வந்தாலும் அதேதான். "இதத் தவிர உனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தெரியாதா நைனா?" என்று எரிந்து விழுவேன். மறுநாளும் கேட்பார்.

போன வருஷம் அவருக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. உப்பு ஆகாது, தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அவரிடம் இல்லை என்று சொல்ல வராது. அதனால் காவல் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். பாட்டில் தீர்ந்த பிறகு சமையல் ரூமில் இருக்கிற எவர்சில்வர் குடத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்கமாட்டார், பார்ப்பார். "ஒரு வாய் கருவாட்டுக் கொழம்பு குடும்மா" என்று மட்டும் கடைசி நாட்களில் கேட்டார். நான் உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டார்.

மூடின வாயை அவர் திறக்கவே இல்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன். அப்புறம் ஒரு நாள் ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் விட்டு நெம்பினேன். பல்லில் எவர்சில்வர் உரசுகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அவர் புறங்கையால் ஸ்பூனைத் தள்ளிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு நாலாம் நாள் போய்விட்டார்.

"பட்டினியா அனுப்பிட்டமே," என்று அம்மா அழுதாள். அனுப்பிட்டியே என்று அவள் என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் திரும்ப ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

எங்கள் வகையறாவில் காரியம் முடிந்த அன்றைக்குப் பொழுது சாயும்போது படையல் போடுவார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, உள்ரூமில் போட்டோ எதிரே இலை போட்டுப் பரிமாறி, ஒரே ஒரு விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். இலையைச் சுற்றியும் வாசற்படி ஓரமாகவும் அரிசி மாவைச் சலித்துத் தூவிவைப்பார்கள். கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். மாவில் தடம் இருக்கும். அந்தத் தடத்தை வைத்து அவர் என்னவாக வந்தார் என்று சொல்வார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பை நான்தான் வைத்தேன், வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. கை கூசாமல் உப்புப் போட்டேன்.

காலையில் ஏரிக்கரையில் அம்மாவின் தாலியை எடுத்திருந்தார்கள், பொட்டை அழித்திருந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "கோவமா போனவராச்சே. வந்து சாப்டுவாரா?" நைனாவின் தங்கை, சிங்கவரத்து அத்தை, "வராம எங்க அண்ணன் எங்க போவாரு, நீ சும்மா இரு அண்ணி" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா கேட்டதை நிறுத்தவில்லை.

கடைசியாகக் குழம்பைப் பரிமாற உள்ளே போனது நான். போட்டோவுக்குப் போட்டிருந்த மல்லிகை மாலையின் நுனி இலை ஓரத்தில் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடத் தோன்றவில்லை. திரும்பும்போது பரணைப் பார்த்தேன். பழைய போர்வைக்குப் பக்கத்தில் இரண்டு கண்கள். யோவ் சாப்பாட்டு வாசனைக்கு எழுந்து உட்கார்ந்திருந்தது. 'சூ' என்றால் போயிருக்கும், ஒரு நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. யாராவது சாப்பிட்டால் சரி என்று நினைத்தேன். இலை தொடப்பட்டிருந்தால் அம்மா இன்றைக்காவது தூங்குவாள். விளக்கைத் தூண்டிவிட்டு, வெளியே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

வாசலில் எல்லோரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தோம். அத்தை சொன்னபடி எல்லா லைட்டையும் அணைத்திருந்தோம். வெளிச்சம் மங்கி, கோட்டை மலை வெறும் கறுப்பாக ஆகிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அம்மா மட்டும் எங்களைவிட்டுச் சற்றுத் தள்ளி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை மடிமேல் மெதுவாகப் போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். காலையில் மாமா கொண்டுவந்து போட்ட கோடிப் புடவையைத் தடவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்து அத்தை எழுந்து கதவை மூன்று தட்டுத் தட்டி, "யண்ணா, வரோம்" என்று சொல்லித் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

இலையில் கருவாடு ஒரு துண்டு இல்லை. குழம்பு துடைத்தாற்போல் இருந்தது. மாலை அறுந்து, மல்லிகைப் பூ உதிரி உதிரியாக இலையெல்லாம் கிடந்தது. போட்டோவுக்கு எதிரே, மனிதர்கள் உட்கார்கிற இடத்தில், பூனை வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. உள்ளே இருப்பது தெரிந்த நானே அந்தப் பார்வையில் ஓர் அடி பின்வாங்கினேன். தெரியாதவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அத்தை குனிந்து மாவைப் பார்த்தாள். வாசற்படி ஓரத்து மாவு கலையாமல் அப்படியே கிடந்தது. ரூமுக்கு நடுவில், டிரங்குப் பெட்டிக்குக் கீழே, திடுமென்று பூனைத் தடம் தொடங்கி இலை வரைக்கும் போயிருந்தது. பரணிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து கீழேயும் குதித்திருக்கிறது, வேறென்ன.

"சாத்துன கதவுக்குள்ள பூனை எப்டிடி வரும்?" என்றாள் அத்தை. குரலே மாறியிருந்தது. "வந்துட்டாரு அண்ணி. அதுமேல ஏறி வந்துட்டாரு. மாலையக்கூட எடுத்துப் போட்டுக்கினு இருக்காரு பாரு."

அம்மா பூனையைப் பார்த்தாள், திரும்பித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தாள், மறுபடி பூனையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்தாள். "இன்னாங்க," என்றாள். நைனாவை நாற்பது வருஷமாக அவள் கூப்பிட்டது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று ராத்திரி அவள் பல நாளைக்குப் பிறகு தூங்கினாள். சரிதான் போ, ஒரு பொய்யால் ஒரு மனுஷி தூங்கினால் குடி முழுகிவிடாது என்று நானும் படுத்தேன்.

மறுநாளிலிருந்து பூனை சாப்பிடவில்லை.

முதல் நாள் நான் கண்டுகொள்ளவில்லை. படையலை வயிறுமுட்டத் தின்றதல்லவா, கிடக்கட்டும் என்று விட்டேன். இரண்டாம் நாள், காரியத்துக்கு வந்திருந்த என் அண்ணன் லீவ் இல்லை என்று சென்னைக்கு பஸ் ஏறினான். வீட்டில் அம்மாவும் நானும் பூனையும் மட்டும். அன்றைக்கு மதியம் சாப்பிட வந்தபோதுதான் பார்த்தேன். பூனை சமையல் ரூமில் இருந்தது. குடத்துக்கு எதிரே. நைனா நாற்காலி போடுகிற அதே இடத்தில் முன்னங்கால்களை மடக்கிப் போட்டு, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பக்கத்தில் கிண்ணத்தில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. குடிக்கவில்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "தண்ணிய பாத்துக்கினே ஒக்காந்திருக்காரு. நீ குடிக்கலாம்னு சொல்லு. நீ சொன்னாத்தான் குடிப்பாரு."

"ஐயோ, பூனைம்மா அது!" என்று கத்தினேன். அவள் காதில் ஏறினால்தானே. நான் கடைக்குத் திரும்பும் முன்பு, அவள் அந்தப் பக்கம் இல்லாத நேரம் பார்த்து, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்ற வெட்கத்துடன், "குடி" என்று அதனிடம் சொன்னேன். அது நாக்கை நீட்டித் தண்ணீரைத் தொட்டது. உடனே தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது. நான் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் மீன் வாங்கிவந்து அவித்துக் கொடுத்தேன். மோந்து பார்த்தது, வாயைத் திறந்தது, பல் கடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூடிக்கொண்டது. விரலில் எடுத்து நீட்டினேன். முன்னங்காலின் புறத்தால் என் கையைத் தள்ளிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அந்தத் திருப்பல் எனக்குத் தெரிந்த திருப்பல். அம்மா கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் நகநுனி அளவுக்குச் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"இன்னா?" என்றாள், முந்தானையால் நெற்றியைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு. என்னை, வாயாடியை, ஒரு பொட்டு வாயடைத்துவிட்டது.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. சோற்றுப் பானையில் நான் சாப்பிட்டது போக மீதி எல்லாம் அப்படியே இருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கேட்டேன். "அவரு சாப்டாம நான் என்னிக்குச் சாப்ட்டிருக்கேன்?" என்றாள் சாதாரணமாக. உண்மைதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கை கழுவின பிறகுதான் இவள் தட்டு எடுப்பாள். அவர் வாயை மூடிக்கொண்ட கடைசி நாட்களிலும் இவளும் காப்பித் தண்ணியில்தான் கிடந்தாள். சுகர் மாத்திரை போடுகிற பொம்பளை. சோறு இல்லாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, கை நடுங்க நடுங்க, பூனைக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தாள். பூனை போனால் இவளும் போய்விடுவாள் என்று எனக்கு அந்த நிமிஷம் பட்டது.

நாலாம் நாள் அத்தை சிங்கவரத்திலிருந்து வந்தாள். பூனையைத் தூர நின்று கும்பிட்டாள். "அண்ணனுக்கு இன்னாவோ கொறை இருக்குது. யாரு மேலயோ கோவம்," என்று சொல்லி என்னைப் பார்த்தாள். "கோவம் தீந்தா சாப்டுவாரு. தீரலைன்னா வந்த வழியே போயிடுவாரு. போவும்போது தனியா போவ மாட்டாரு."

"வாய கழுவு அத்தை," என்றேன். "சுகர்காரிய வெச்சிக்கினு இன்னா பேச்சு பேசுற நீ?"

"நான் பேசல. அது பேசுது பாரு," என்று பூனையைக் காட்டினாள். கரண்ட் போயிருந்தது. உச்சி வெயில். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு மலைப்பாறையெல்லாம் காய்ந்து, சூடு வீட்டுக்குள் வரைக்கும் வரும். ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம்கூட இருக்காது. பூனை நைனாவின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து வாசலைப் பார்த்தது. பிறகு அதன் தலை மெதுவாக, மிக மெதுவாக, வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் திரும்பியது, யாரோ நடந்து வந்து உட்காருவதைப் பார்க்கிற மாதிரி. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணும் அதே வேகத்தில் வாசலிலிருந்து கட்டிலுக்கு வந்து நின்றது. மூன்றரைக்குத்தான் பஸ், ஆனால் அத்தை அப்போதே எழுந்து போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் பூனை மஞ்சளாக நுரை கக்கியது. வாயோரம் எச்சில் கயிறாக வடிந்தது. கழுத்துத் தோலைப் பிடித்து விட்டால் பிடித்தபடியே நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. கஞ்சியைக் கரைத்து, துண்டில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்க ஸ்பூனை எடுத்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"வாணாம். ஒரு தடவ அவரு வாய்ல இத வெச்சு நெம்புன. நான் பாத்துக்கினு சும்மா நின்னேன். இந்தத் தடவ நிக்க மாட்டேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபமா அழுகையா, தெரியவில்லை. ஸ்பூனை விட்டெறிந்தேன். "அது பூனை! வெறும் பூனை! சாத்துன கதவுக்குள்ள ஒண்ணும் வரல. நான்தான் விட்டேன். கொழம்பு வெக்கப் போனப்போ பரண்மேல உக்காந்திருந்துச்சு. தெரிஞ்சேதான் தாழ்ப்பாள் போட்டேன். நீ அழுவறத பாக்க முடியாம, யாராவது தின்னுட்டுப் போகட்டும்னு போட்டேன். போதுமா? நைனா வரல. வரவே இல்ல. என் மேல கோவமாத்தான் போனாரு, அப்படியே போயிட்டாரு!"

அம்மா கையை விட்டாள். என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், இல்லை அப்படியே விழுந்துவிடுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"கதவ சாத்தறதுக்கு முன்னயே பூனை உள்ளதான் இருந்துச்சா?"

"ஆமா."

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்போ," என்றாள் அம்மா, "என் மடியில வந்து படுத்தது யாரு?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். தொட்டி ஓரமாக அவள் உட்கார்ந்ததும் ஏதோ ஒன்று வந்து மடியில் ஏறியிருக்கிறது. இருட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அத்தை உத்தரவு. குனிந்துகூடப் பார்க்கவில்லை. பூனைதான் என்று நினைத்திருக்கிறாள், வேறு என்ன வரப் போகிறது? கனமாகச் சுருண்டு படுத்திருக்கிறது. சூடாக இருந்திருக்கிறது. அரை மணி நேரமும் தடவிக்கொடுத்திருக்கிறாள். அத்தை கதவைத் தட்டும்போதுதான் கனம் இறங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் பூனை போட்டோ எதிரே உட்கார்ந்திருக்கிறது. சாத்தின கதவுக்குள் தன் மடியில் இருந்த பூனை எப்படிப் போனது, அவர் ஏறிக்கொண்டதால்தான் போனது என்று நம்பியிருக்கிறாள்.

"ஏம்மா இத அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீ பைத்தியம்னு சொல்லுவ."

சொல்லித்தான் இருப்பேன். கோடிப் புடவைமேல் அவள் கை போய்வந்துகொண்டிருந்தது எனக்குள் திரும்ப ஓடியது. அந்தக் கை புடவையில் படவில்லை. மடிக்கு ஒரு சாண் மேலே போய்வந்துகொண்டிருந்தது. நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் புத்தியில் வாங்கவில்லை.

அம்மா எழுந்தாள். முந்தானை நுனியால் நெற்றிப் பொட்டை அழுந்தத் துடைத்தாள். "அவரு சாப்ட வரல," என்றாள். "சும்மா கொஞ்ச நேரம் படுக்க வந்தாரு. இது பூனைதான். பாவம், வாயில்லா ஜீவன். டாக்டர்கிட்ட தூக்கினு போ." பிறகு தட்டை எடுத்து, பானையிலிருந்து பழைய சோற்றைப் போட்டு, மோரை ஊற்றிக் கரைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஐந்து நாள் பசி. தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

பூனையை வயர் கூடையில் நைனாவின் துண்டோடு வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். பசுவும் ஆடுமாக நின்றிருந்தவர்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "பூனைக்கு வைத்தியமா? வல்லத்திலேருந்து சினை மாட்ட ஓட்டினு வந்து நிக்கறோம், நீ வேற" என்றார் ஒருவர். நான் முறைத்த முறைப்பில் வழிவிட்டார். டாக்டரம்மா சின்ன வயது. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டாள். ஐந்து நாள் என்றேன்.

"வாயத் தொறந்து பாக்கலியா?"

"பாக்க விடல."

"பூனையா?"

"அம்மா."

அவள் ஒருத்தரைப் பிடிக்கச் சொல்லி, கட்டைவிரலால் தாடையைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். "இங்க பாருங்க." நாக்கின் அடியில், வேரைச் சுற்றி, பழுப்பேறின ஒரு நூல். சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. பூக்கட்டுகிற நூல். "ஒரு பக்கம் நாக்குல மாட்டிக்கிச்சு, இன்னொரு பக்கம் வயித்துக்குள்ள போயிடிச்சு. ஒவ்வொரு தடவ முழுங்கறப்பவும் அறுக்கும். எப்படிங்க சாப்பிடும்?"

"அதுக்குச் சாப்ட இஷ்டம் இல்லைன்னு நெனச்சேன்," என்றேன்.

"நல்லா இருக்கே! அதுக்குப் பசியில உசுரு போவுது. வாய்தான் விடல."

மாட்டாஸ்பத்திரித் தூணைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். நைனாவின் வாய்க்குள் நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஸ்பூனை விட்டேன், நெம்பினேன். டார்ச் அடித்து ஒரு தரம் உள்ளே பார்த்தேனா? கிட்னி கெட்டவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகிவிடும், தண்ணீர் பட்டால்கூட எரியும் என்று பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். கோபம் என்றே முடிவுகட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. சினைமாட்டுக்காரர் எழுந்து வந்து, "அழுவாதம்மா, பூனைக்கு ஏழு உசுரு" என்றார்.

டாக்டரம்மா நாக்கைச் சுற்றிய நூலை மட்டும் வெட்டி எடுத்தாள். உள்ளே போனதை இழுக்கக் கூடாதாம், குடல் கிழிந்துவிடுமாம். தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் பார்க்கலாம், நூல் தானாக வெளியே வராவிட்டால் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொன்னாள். முள் இல்லாமல், உப்பு இல்லாமல், கூழாகக் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். உப்பில்லாமல்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த இரண்டு நாளும் கடையைத் திறக்கவில்லை. ஒரு முறத்தில் மணலைக் கொட்டி வைத்து, அதில் பூனை உட்கார்ந்தெழும்போதெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தேன். இரண்டாம் நாள் மதியம் வந்தது. அரை முழம் நூல், முடிச்சு முடிச்சாக. ஒரு முடிச்சில் மல்லிகைக் காம்பு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் எடுத்துவிடாமல் விட்ட மாலை நுனி. சாயங்காலம் உப்பில்லாத மீன் கஞ்சியை விரலில் தொட்டு நீட்டினேன். பூனை நக்கியது. மறுபடி நீட்டினேன், மறுபடி நக்கியது. அப்புறம் என் கையைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்துக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டது. "யோவ், மெதுவா," என்றேன்.

பூனை இப்போது நன்றாக இருக்கிறது. தடித்தும் போயிற்று. அத்தை கேட்டால், அண்ணனுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்பாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஒன்றே ஒன்றுதான் முன்போல இல்லை. பொழுது சாயும் நேரத்தில் அம்மா தொட்டிச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்காருவாள். பூனை பழக்கப்படி அவள் மடிக்கு ஏறப் போகும். கிட்டே போனதும் நின்றுவிடும். மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். அங்கே இடமில்லை என்கிற மாதிரி திரும்பி வந்து என் காலடியில் படுத்துக்கொள்ளும். அம்மாவின் கை மடிக்கு ஒரு சாண் மேலே போய்வந்துகொண்டிருக்கும்.

நான் நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் போன வாரம் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்று அவளைக் கேட்டேன். "ம்மா, எம்மேல அவருக்கு இன்னும் கோவமான்னு கேளு."

அம்மா கையை நிறுத்தவில்லை. மடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ சாப்டியான்னு கேக்கறாரு," என்றாள்.

"இன்னும் இல்ல நைனா," என்றேன்.